ஸ்கேனில் கட்டி இல்லை, பார்வை மட்டும் குறைந்துகொண்டே வந்தது: ரங்கூனில் ஒரு நிகழ்வு ஆய்வு

தைப்பூசம் முடிந்த வாரம். மாலை ஏழு மணி தாண்டியிருந்தது. மின்வெட்டு நேரம் என்பதால் கிளினிக்கில் சார்ஜ் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. வந்தவர் 26 வயதுப் பெண், கூடவே அவருடைய அம்மா. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை, கைலி, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். ஆறு வாரமாகத் தலைவலி என்றார். காலையில் எழுந்ததும் அதிகம், இருமினாலும் குனிந்தாலும் கூடுகிறது, இரண்டு முறை வாந்தியும் எடுத்திருக்கிறார். காய்ச்சல் இல்லை, கழுத்து இறுக்கம் இல்லை. ரத்த அழுத்தம் 124/80. மைக்ரேன் என்று எழுதி, வலி மாத்திரை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

கண்ணுக்குள் பார்க்கவில்லை. ஆப்தால்மோஸ்கோப் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. வெளியே இன்னும் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்மணி தானாகவே விரிந்து நிற்கும் இருட்டறை அது. கண்ணின் பின்புறத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. தலைக்குள் நீரின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்கும் நோய் அவருக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த நோயாளியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு அந்த மாலைதான் காரணம். அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

பதினாறு நாள் கழித்து எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. பயந்துபோய் வேறொரு பெரிய மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி ஒன்றும் இல்லை. கண் டாக்டர் பார்த்து, இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு உள்ளே நுழையும் இடம் வீங்கியிருக்கிறது என்று சரியாகவே எழுதிவிட்டார். அடுத்து இடுப்பில் ஊசி குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். காசநோய் மிகுந்த நாடு இது, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலேயே பர்மா இருக்கிறது. தலைவலி, வாந்தி, நரம்பு வீக்கம், கண்ணைத் திருப்பும் ஆறாம் மூளை நரம்பின் பலவீனம் எல்லாம் சேர்ந்து வந்தால் மூளை உறைக் காசநோயாக இருக்கலாம் என்று எந்த டாக்டரும் நினைப்பார். நீரைப் பரிசோதிக்க வழியில்லாமல் போனதால், நான்கு காசநோய் மருந்துகளோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துத் தொடங்கினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆறாம் நாள் அம்மா கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சயாமா, முதுகுத்தண்டை உறிஞ்சணும்ங்கறாங்க. கால் போயிடும்." (இங்கே பெண் டாக்டரையும் டீச்சரையும் சயாமா என்றுதான் கூப்பிடுவோம்.) அவருக்குச் சந்தையில் பேரம் பேசவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் போதுமான பர்மியம் உண்டு. மருத்துவமனைப் பர்மியம் புரியாது. விளக்கிச் சொன்ன டாக்டர் நன்றாகத்தான் விளக்கியிருக்கிறார், ஆனால் அம்மாவின் காதில் விழுந்ததோ "முதுகெலும்பு, ஊசி, தண்ணீர்" என்ற மூன்று சொற்கள் மட்டும். அவர்கள் தெருவில் ஒருவர் ஊசி போட்ட பிறகு நடக்கவே இல்லையாம். அவருக்கு முதுகெலும்பிலேயே காசநோய் இருந்தது, ஊசிக்கு முன்பே கால் விளங்காமல்தான் இருந்தது என்பது அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது.

தரையில் உட்கார்ந்து தமிழில் பேசினோம். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியில், முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடம் அதற்கும் கீழே. அங்கே இருப்பவை நீரில் தொங்கும் நரம்பு இழைகள்தான். வாளித் தண்ணீரில் பிரிந்து கிடக்கும் நூலுக்குள் ஊசியை விட்டால் நூல் விலகிக்கொள்ளும் அல்லவா, அதுபோலத்தான் என்றேன். தையல்கார வீடு. அம்மா மகளைப் பார்த்தார். மகள், "போடட்டும்மா" என்றார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த அரை மணி நேரம் முதல் நாளே கிடைத்திருந்தால் ஆறு நாள் மருந்து வேண்டியிருந்திருக்காது.

இரண்டாம் முறை கேட்ட கதை

இந்த முறை அவசரப்படாமல் கேட்டேன். தலைவலியைத் தவிர மூன்று விஷயங்கள் வெளியே வந்தன. ஒன்று, மெஷின் ஊசியில் நூல் கோக்கக் குனிந்து நிமிர்ந்தால் சில நொடிகள் கண் முழுக்க இருண்டு, பிறகு திரும்பி வருகிறது, ஒரு நாளைக்குப் பத்து முறையாவது. இரண்டு, ராத்திரி தலையணையில் காதை வைத்தால் உள்ளே ஏதோ ஓடும் சத்தம். "பக்கத்து வீட்ல மெஷின் ஓடுதுன்னு நெனச்சேன் சயாமா. நாடியில விரல் வச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணாப் போகுது." எனக்கு இதைவிடத் தெளிவாக விவரிக்கத் தெரியாது. மூன்று, இரட்டைப் பார்வை தூரத்தில் இருப்பவற்றில்தான், அதுவும் பக்கம் பக்கமாக. வருகிற பஸ்ஸின் எண் இரண்டாகத் தெரியும், கையில் இருக்கும் துணி ஒன்றாகத்தான் தெரியும்.

ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றார். கருத்தடை மாத்திரை, வைட்டமின் ஏ, உடல் தேற்றும் மாத்திரை? எதுவும் இல்லை. அப்போதுதான் கன்னத்தைக் கவனித்தேன். தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சுக்கு அடியில் ஆறிப்போன பருக்களின் தழும்பு. "முகத்துக்கு ஏதாவது போட்டியாம்மா?" என்றேன். கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினமும் இரண்டு, நான்கு மாதமாக. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், முகம் தெளிய வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. நோய்க்குச் சாப்பிடுவதுதான் மருந்து, பருவுக்குச் சாப்பிடுவது அதில் சேராது என்று அவர் நினைத்ததில் தவறில்லை. "மருந்து" என்ற சொல்லோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது.

டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கபால அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்பது நன்றாக நிலைநாட்டப்பட்டது. டாக்சிசைக்ளினும் மினோசைக்ளினும் அதே குடும்பம். பருவுக்கே தரப்படும் ஐசோட்ரெட்டினோயின், அளவு மீறிய வைட்டமின் ஏ, லித்தியம், நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். கடைசியில் சொன்னதை இங்கே அழுத்தியே சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் நாலைந்து மாத்திரைகளை ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதையும் கேட்டேன். அவர் அப்படி எதுவும் வாங்கியதில்லை.

எடை 78 கிலோ, உயரம் 154 சென்டிமீட்டர், உடல் நிறை குறியீடு 32.9. ஒரே வருடத்தில் 11 கிலோ கூடியிருக்கிறது. மெஷினை வீட்டுக்குள்ளேயே போட்ட பிறகு வெளியே நடப்பது நின்றுபோயிருக்கிறது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 8.9 தான். இரும்புச்சத்துக் குறைவும் இந்த நோயோடு சேர்ந்து வருவதுண்டு, அதைச் சரிசெய்யாமல் விடக்கூடாது.

கண்

கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு, புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். பார்வை நரம்பு வட்டின் விளிம்பு சாதாரணமாகத் தட்டின் ஓரம்போல் தெளிவாக இருக்கும். இவருக்கு விளிம்பே இல்லை. வட்டு உப்பி முன்னே வந்திருந்தது, அதன்மேல் ஏறி இறங்கும் ரத்தக் குழாய்கள் சில இடங்களில் வீக்கத்துக்குள் புதைந்து மறைந்திருந்தன, இடது கண்ணில் ஓரமாகத் தீச்சுடர் வடிவில் இரண்டு ரத்தக் கசிவுகள். வட்டு வீக்கத்தை 0 முதல் 5 வரை அளக்கும் ஃப்ரிசன் அளவுகோலில் 3 என்று மதிப்பிட்டேன், கண் டாக்டரும் அதையே எழுதினார்.

பார்வைக் கூர்மை வலது 6/9, இடது 6/12. இதைப் பார்த்து, பரவாயில்லையே என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துபோவோம். இந்த நோயில் நடுப்பார்வை கடைசியில்தான் போகும், ஓரப் பார்வை முதலில் கரையும். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு "நன்றாகத் தெரிகிறது" என்று சொல்லும் ஒருவர், பார்வைப் புலத்தில் பாதியை இழந்திருக்கலாம். பார்வைப் புலத்தை அளக்கும் பெரிமீட்டர் கருவியில் உட்கார வைத்துச் சோதித்தபோது குருட்டுப்புள்ளி இரண்டு கண்ணிலும் பெரிதாகியிருந்தது, இடது கண்ணில் மூக்குப் பக்கத்துக் கீழ்ப்பகுதி மங்கியிருந்தது. சராசரி இழப்பு (இங்கே டெசிபெல் என்பது ஒளியை உணரும் திறனுக்கான அளவு) வலது கண்ணில் 5.8 டெசிபெல், இடது கண்ணில் 9.4 டெசிபெல். இடது கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் ஆறாம் நரம்பு பலவீனம். கபாலத்தின் அடியில் நெடுந்தூரம் ஓடுவதால் அழுத்தம் எங்கிருந்து வந்தாலும் முதலில் மாட்டுவது பெரும்பாலும் அதுதான். மற்றபடி கை, கால், நினைவு, பேச்சு எல்லாம் சரியாக இருந்தன.

சி.டி. நார்மல் என்றால் எது இல்லை என்றுதான் தெரியும். பெரிய கட்டியும், நீர் தேங்கி வீங்கிய மூளை அறைகளும் இல்லை, அவ்வளவுதான். மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் பெரிய சிரைகளில் ரத்தம் உறைந்திருந்தால் சாதாரண சி.டி.யில் தவறிவிடலாம், அப்படி உறைந்தாலும் நோயாளி இதே தோற்றத்தில்தான் வந்து நிற்பார். அதற்கு வைத்தியம் வேறு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அதனால் எம்.ஆர்.ஐ.யோடு சிரைகளைக் காட்டும் எம்.ஆர்.வி.யும் எடுக்கச் சொன்னேன். செலவைச் சமாளிக்க அவர்கள் ஒரு சங்கிலியை அடகு வைத்தது எனக்குப் பிறகுதான் தெரியும். சிரைகளில் உறைவு இல்லை. ஆனால் தலையின் இரு பக்கமும் குறுக்கே ஓடும் பெருஞ்சிரைகள் குறுகியிருந்தன. பிட்யூட்டரி சுரப்பி தட்டையாகி அதன் குழி பாதி காலியாக இருந்தது. கண்கோளத்தின் பின்சுவர் தட்டையாகியிருந்தது, பார்வை நரம்பைச் சுற்றிய உறைக்குள் நீர் பெருகியிருந்தது. நீண்ட நாள் அழுத்தம் விட்டுச்செல்லும் தடயங்கள் இவை. மூளை உறைகளில் காசநோய்க்கான ஒளிர்வு எங்கும் இல்லை.

முப்பதைத் தாண்டிய நீர்

இடுப்பு ஊசிக்கு ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். உட்கார வைத்துக் குத்தினால் சுலபம்தான், பருமனான உடம்பில் எலும்பின் நடுக்கோடு நன்றாகத் தெரியும், ஆனால் அப்படி எடுக்கும் அழுத்த அளவை நம்ப முடியாது. முதல் முயற்சியில் எலும்பில் தட்டியது. நீளமான ஊசியோடு இரண்டாம் முறை போனேன், தெளிந்த நீர் வந்தது.

அழுத்தம் அளக்கும் கண்ணாடிக் குழாய் அன்றைக்கு வார்டில் இல்லை. கிருமிநீக்கிய டிரிப் குழாயை ஊசியோடு இணைத்து, நேராக மேலே தூக்கி, டிரிப் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தோம். நர்ஸ் தொடாமல் பக்கத்தில் அளவுகோலைப் பிடித்தார், ஊசி இருக்கும் மட்டம் பூஜ்யம். காலை மெதுவாக நீட்டச் சொன்னேன். வயிற்றை இறுக்காமல் சாதாரணமாக மூச்சு விடு, பேசாதே என்றேன். முழங்காலை மடக்கி, மூச்சை அடக்கி, பயந்து கிடந்தால் அழுத்தம் பொய்யாகக் கூடும். நீர் ஏறியது. 20, 25, 28, அப்புறம் அளவுகோலின் 30 முடிந்துபோயிற்று, நீர் நிற்கவில்லை. அளவுகோல் போதவில்லை என்று நர்ஸ் சொன்னதும், கதவோரம் நின்ற அம்மா பையைத் திறந்து தையல் டேப்பை எடுத்து நீட்டினார். அதன் மறுபக்கம் சென்டிமீட்டர். நீரின் மேல்மட்டம் மூச்சோடு சேர்ந்து லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 37.

பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் வரை ஒப்புக்கொள்ளலாம். 2013ல் திருத்தி வெளியிட்ட நோய்கண்டறியும் வரையறையும் அந்த எண்ணையே வைத்திருக்கிறது. கூடவே நரம்பு வட்டு வீக்கம் இருக்க வேண்டும், மூளை நரம்புகள் தவிர மற்ற நரம்புப் பரிசோதனை சரியாக இருக்க வேண்டும், படத்தில் கட்டியோ நீர்த்தேக்கமோ சிரை உறைவோ இருக்கக் கூடாது, எடுத்த நீரின் தன்மையும் இயல்பாக இருக்க வேண்டும்.

நீரில் செல்கள் 2, புரதம் 22 மில்லிகிராம், சர்க்கரை 62, அதே நேரம் ரத்தத்தில் 104. மூளை உறைக் காசநோயில் லிம்போசைட்டுகளும் புரதமும் கூடியிருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும். ஆறு நாள் மருந்தில் அந்த மாற்றங்கள் துடைத்ததுபோல் மறைந்துவிடாது, வாரக்கணக்கில் நிற்கும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை நெகடிவ். அது ஒன்றை மட்டும் வைத்துக் காசநோய் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் மற்ற எல்லாமே ஒரே பக்கம் நின்றன. பிறகு வந்த கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. இன்னொன்றையும் விடாமல் பார்த்தோம். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூளை உறையைத் தாக்கும்போது அழுத்தம் எகிறும், நீரில் செல்கள் மட்டும் கிட்டத்தட்ட இயல்பாகவே இருந்து ஏமாற்றும். எச்.ஐ.வி. சோதனை, பூஞ்சையைக் காட்டும் இந்தியா மைச் சோதனை, கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் சோதனை மூன்றும் நெகடிவ். இவற்றைப் பார்க்காமல், செல் இல்லை, தொற்று இல்லை என்று நம் ஊரில் எழுதக் கூடாது.

20 மில்லி நீரை வடித்தோம், அழுத்தம் 18க்கு இறங்கியது. கண்ணைத் திறந்து, "தலை காலியான மாதிரி இருக்கு சயாமா" என்றார். இந்த நிம்மதி நிலைக்காது என்று அப்போதே சொல்லிவைத்தேன். உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் மூளைத் தண்டுவட நீர் சுமார் 150 மில்லி, ஒரு நாளில் சுரப்பதோ சுமார் 500 மில்லி. வடித்தது சில மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடும். திரும்பத் திரும்பக் குத்தி வடிப்பது வைத்தியம் ஆகாது.

பெயரைப் பற்றி

1893ல் ஜெர்மன் மருத்துவர் குயின்கே இப்படிப்பட்ட நோயாளிகளை முதலில் விவரித்தார். 1904ல் நோன்னே இதற்குப் பொய்க்கட்டி என்ற பொருளில் சூடோட்யூமர் செரிப்ரை என்று பெயர் வைத்தார். 1937ல் டேண்டி வரையறை தந்தார். 1955ல் ஃபோலி இதைத் தீங்கற்ற கபால அழுத்த உயர்வு என்றார். கட்டி இல்லை, உயிர் போகாது என்ற பொருளில் சொன்னது. ஆனால் தீங்கற்றது என்ற அந்தச் சொல் எத்தனையோ பேரின் பார்வையைத் தாமதத்தில் விட்டிருக்கும். நல்லவேளை, அது வழக்கொழிந்துவிட்டது. இப்போது காரணம் புலப்படாத கபால உள்ளழுத்த உயர்வு என்கிறோம்.

காரணம் ஏன் புலப்படவில்லை? கபாலம் விரியாத எலும்புப் பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், நீர் மூன்றும் இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒன்று கூடினால் இன்னொன்று வழிவிட்டாக வேண்டும். நீர் சிரைகளுக்குள் வடிவதில் தடை என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆனால் குறுக்குச் சிரைகள் குறுகியதால் அழுத்தம் ஏறியதா, ஏறிய அழுத்தம் சிரைகளை நெரித்ததா என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது. மக்கள்தொகையில் ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் இருவருக்குத்தான் வருகிறது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பருமனான பெண்களிடம் அது பத்து மடங்குக்கும் மேல். எடையும் ஹார்மோன்களும் இதில் கைகோத்திருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை.

இவர் விஷயத்தில் "காரணம் புலப்படாத" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான்கு மாத டாக்சிசைக்ளின் இருக்கிறது, ஒரு வருடத்தில் ஏறிய 11 கிலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே தள்ளியிருக்கின்றன என்பது என் முடிவு. கோப்பில் அப்படியே எழுதினேன்.

வைத்தியம்

முதல் வேலை நிறுத்துவது. டாக்சிசைக்ளினை அன்றே நிறுத்தினோம். காசநோய் மருந்து தொடங்கிய டாக்டரோடு போனில் பேசி, நீரின் முடிவுகளை வாசித்துக் காட்டினேன். அவரும் ஒப்புக்கொண்டு நான்கையும் நிறுத்தினார். அந்த நான்கில் எனக்கு அதிகம் பயம் தந்தது எத்தாம்பியூட்டால். அது பார்வை நரம்பையே பாதிக்கக்கூடிய மருந்து, முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும். ஏற்கெனவே வீங்கி நசுங்கிக்கொண்டிருக்கும் நரம்பின்மேல் அதையும் மாதக்கணக்கில் ஏற்றியிருந்தால், எது எதனால் போனது என்றுகூடப் பிறகு சொல்லியிருக்க முடியாது. டெக்சாமெதசோன் ஆறு நாள்தான் ஆகியிருந்தது, அதையும் நிறுத்தினோம். ஸ்டீராய்டு முதலில் சுகம் தரும், பிறகு எடையை ஏற்றும், நிறுத்தும்போது அழுத்தத்தைத் திருப்பி அனுப்பும்.

அசெட்டசோலமைடு, கண் நீர் அழுத்தத்துக்கும் மலையேறுகிறவர்களுக்கும் தரும் அதே மாத்திரை. மூளை நீர் சுரக்கத் தேவைப்படும் ஒரு நொதியைத் தடுக்கிறது. சல்ஃபா ஒவ்வாமை இல்லை என்று கேட்டுக்கொண்டு, 250 மில்லிகிராம் இரண்டு வேளை தொடங்கி, வாராவாரம் ஏற்றி 500 மில்லிகிராம் மூன்று வேளைக்குக் கொண்டுபோனோம். 2014ல் வெளியான அமெரிக்க ஆய்வில், லேசான பார்வை இழப்புள்ள 165 பேரில் ஒரு பாதிக்கு உணவுக் கட்டுப்பாட்டோடு இந்த மருந்தை 4 கிராம் வரை தந்தார்கள், மறுபாதிக்கு உணவுக் கட்டுப்பாடும் போலி மாத்திரையும். ஆறு மாதத்தில் பார்வைப் புலம் மருந்துக் குழுவில் 1.43 டெசிபெல் தேறியது, மற்றதில் 0.71. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் மெய்யானது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களும் தேறினார்கள் என்பதை நான் நோயாளிகளிடம் எப்போதும் சொல்வேன்.

மூன்றாம் வாரம் அவர் அழுதுகொண்டே வந்தார். சோடா குடித்தால் வெறும் தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கிறது, அது பரவாயில்லை. அடிக்கடி சிறுநீர் போகிறது, அதுவும் பரவாயில்லை. விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் மரத்துப்போகிறது. "ஊசி விரல்ல இருக்கா, துணியில இருக்கான்னு தெரியல சயாமா. நேத்து கொக்கி தைக்கையில மூணு தடவ குத்திக்கிட்டேன்." கட்டைவிரலைக் காட்டினார், மூன்று சிவந்த புள்ளிகள். மருந்தின் வழக்கமான பக்கவிளைவு, ஆபத்தில்லை என்று புத்தகம் சொல்லும். தையல்காரருக்கு அது பிழைப்பு. பொட்டாசியம் 3.2க்கு இறங்கியிருந்ததால் அதற்கும் மருந்து தந்து, அளவை 1 கிராமுக்குக் குறைத்தோம். நரம்பு வீக்கம் அதற்குள் ஒரு படி இறங்கியிருந்தது, அதனால் துணிந்தேன். இறங்காமல் இருந்திருந்தால் குறைத்திருக்க மாட்டேன்.

எடையைப் பற்றிப் பேசுவது எல்லாவற்றையும்விடக் கடினம். பருமனாக இருக்கும் பெண் எந்த டாக்டரிடம் போனாலும், எந்த வலிக்குப் போனாலும், உடம்பைக் குறை என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுத் திரும்பியிருப்பார். அதனால் அதைத் திட்டாகச் சொல்லாமல் மருந்தாகச் சொன்னேன். 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே அழுத்தம் இறங்க ஆரம்பிக்கும், நோய் முழுதாக அடங்க 15 சதவீதம் வரை வேண்டியிருக்கலாம். மிகப் பருமனானவர்களுக்கு இரைப்பை அறுவை சிகிச்சை, சமூக உணவுத் திட்டத்தைவிட அழுத்தத்தை நன்றாக இறக்கியது என்று 2021ல் ஓர் ஆய்வு வந்தது. எங்களுக்கு அந்த வசதி இல்லை, இவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காலையில் மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ், மேலே பொரித்த பலகாரத்தை நொறுக்கிப் போட்டு. பத்து மணிக்குப் பலாத்தா. கெட்டிப்பால் ஊற்றிய டீ நாளைக்கு ஐந்து. இரண்டு வேளை சோறு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, தொட்டுக்கொள்ள ஙப்பி என்ற உப்பு மீன் விழுது. டீயைத்தான் முதலில் பிடித்தோம். ஐந்தை இரண்டாக்கி, கெட்டிப்பால் இல்லாமல் குடிக்கப் பழகினார். பலாத்தா ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். உப்புக்காக ஙப்பியைப் பாதியாக்கினோம், அதை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். விடிகாலையில் அம்மாவும் மகளும் சேர்ந்து நாற்பது நிமிட நடை. இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கினோம்.

கல்யாணத்தை ஒத்திப்போட வேண்டுமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். ஆனால் மருந்து நிற்கும் வரை கர்ப்பம் வேண்டாம், முக்கியமாக முதல் மூன்று மாதக் கருவுக்கு இந்த மருந்து நல்லதல்ல என்று எடுத்துச் சொன்னேன். அடுத்த முறை மாப்பிள்ளையும் கூட வந்தார். அவரிடமும் நேரடியாகச் சொன்னேன். இந்தப் பேச்சை எல்லாம் மாமியார் காது வரை கொண்டுபோய் ஒரு பெண்ணுக்குக் குறை கட்டிவிடக் கூடாது என்பதால், நோய் தொற்றாது, பிள்ளை பெறுவதற்குத் தடை இல்லை என்று என் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன்.

பார்வை வேகமாக இறங்கினால் காத்திருக்காமல் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லியிருந்தேன். பார்வை நரம்பின் உறையில் சிறு திறப்பு செய்வது ஒரு வழி, மூளை நீரை வயிற்றுக்குள் வடிக்கும் குழாய் வைப்பது இன்னொரு வழி, குறுகிய சிரைக்குள் ஸ்டென்ட் வைப்பதும் உண்டு. நான்கு வாரத்துக்குள் பார்வை சரிந்துபோகும் தீவிர வகை ஒன்று இருக்கிறது, அதில் நாள் கணக்கில்கூட அல்ல, மணிக் கணக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். இவருக்கு அந்த நிலை வரவில்லை.

பிறகு

இரட்டைப் பார்வை ஐந்தாம் வாரம் போயிற்று. காதுச் சத்தம் ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழாவுக்குள் நின்றுவிட்டது. குனிந்தால் இருளுவது அதற்கு முன்பே நின்றது. தலைவலி மட்டும் விடவில்லை. அழுத்தம் இறங்கிய பிறகும் மைக்ரேன் மாதிரியான வலி பலருக்குத் தொடரும். இவரும் வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார், நான் முதல் நாள் எழுதிக் கொடுத்த அதே மாத்திரையை. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் பாராசிட்டமால்கூடப் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். படிப்படியாக நிறுத்தினோம். முதல் பத்து நாள் படுத்தி எடுத்தது, பிறகு வலி மாதத்தில் நாலைந்து நாளாகக் குறைந்தது.

ஏழாம் மாதம் எடை 69.5 கிலோ, ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. நரம்பு வட்டு இரண்டும் தட்டையாகி விளிம்பு தெரிந்தது, இடது வட்டு மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஹீமோகுளோபின் 11.6. பார்வைப் புல இழப்பு வலது கண்ணில் 2.0, இடது கண்ணில் 4.9 டெசிபெல். அசெட்டசோலமைடை இப்போது தினமும் 250 மில்லிகிராமுக்கு இறக்கியிருக்கிறோம், அடுத்த புலச் சோதனை நன்றாக இருந்தால் நிறுத்திவிடலாம். எடை திரும்ப ஏறினால் நோயும் திரும்பக்கூடும் என்பதால், நிறுத்திய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வரச் சொல்லியிருக்கிறேன்.

இடது கண்ணில் மூக்குப் பக்கத்துக் கீழ்மூலை திரும்பி வரவில்லை. இனி வராது. இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் வலது கண் அந்த இடத்தை ஈடுகட்டிவிடுகிறது, அவருக்கே தெரிவதில்லை. நூல் கோக்கும்போது எப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொள்வாராம், சின்ன வயதிலிருந்தே வலது கண்ணைத்தான் மூடுவது பழக்கம். போன முறை வந்தபோது பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி எனக்குக் கோத்துக் காட்டினார். இப்போது இடது கண்ணை மூடுகிறார்.